மலைச்சுனைத் தேறலும் பனங்கலயமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘சங்க இலக்கியத்தில் குறிஞ்சி’ என்பது. அத்தலைப்பில் பேசாத தமிழாசிரியர் இல்லை. நானும் வகுப்பறையில் பல்லாண்டுகளாகப் பேசிவருகிறேன். ஆதலின் அதனைச் சற்றே குறுக்கிக்கொண்டு, குறிஞ்சி நிலத்தில் விளைந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும், அதுவும் நம் வாசலில் நிற்கும் மலையின் அடிவாரத்தில் வைத்துப் பேச விரும்புகிறேன். அப்பொருள் மது. ஆசிரியை ஒருத்தி விழா மேடையேறி மதுவைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையில் ஒரு புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை, அவன் தமக்கு ஈந்த கள்ளை நினைந்து கொண்டுதான் தொடங்குகிறது. அந்தத் துணை எனக்குப் போதும்.

கபிலரிடமிருந்து தொடங்குகிறேன். அகநானூற்றின் 2-ஆம் பாட்டு. வாழைக் குலையில் முற்றிப் பழுத்த கனியும் பலாவின் சுளையும் பாறைச் சுனையில் வீழ்ந்து கிடக்கின்றன. நாள்கள் செல்கின்றன. சுனைநீர் தேறலாகிவிடுகிறது. நீரென்று எண்ணி அதனைக் குடித்த ஆண்குரங்கு, பக்கத்திலே மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரத்தில் ஏறமாட்டாமல், தரையில் பரந்து கிடந்த பூக்களின் மேலேயே களித்து உறங்கிவிடுகிறது. உன் மலையிலே விலங்குகளுக்குக்கூடக் கருதாத இன்பம் எளிதில் வாய்க்கிறதே, நீ கருதிய இன்பம் உனக்கு அரிதாகுமா என்று தோழி தலைவனைக் கேட்கிறாள்.

வரைவு கடாதல் என்னும் துறையை நான் இங்கே விளக்கப் போவதில்லை. என் கருத்தைக் கவர்வது அந்தச் சுனை. பழத்தின் தோலில் இயல்பாகவே தங்கியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், பழச்சாற்றின் இனிப்பைத் தின்று அதனை மதுவாக மாற்றுகிறது. இதனைச் செய்வது ஓர் உயிர் என்று 1850-களின் இறுதியில்தான் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆய்ந்து காட்டினார். உயிரைக் கபிலர் அறியார், நிகழ்வை அறிவார். கனி வேண்டும், நீர் வேண்டும், தேங்கி நிற்கக் கல்லில் ஒரு குழி வேண்டும், நாள் வேண்டும். மனிதக் கை படாத, கூரையில்லாத ஒரு மலையடிவார மதுச்சாலையின் முழுக் குறிப்பும் அந்தச் சில அடிகளில் அடங்கியிருக்கிறது.

மனிதக் கை பட்ட மதுச்சாலைகளும் நம் நூல்களில் உண்டு. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடற் பகுதியிலும் மலைபடுகடாத்திலும் மலைவாழ்நர் மூங்கிற் குழாயில் முற்றவிட்ட தேன்கள்ளை உண்டு மகிழ்கின்றனர். தேனைத் தேனாகவே வைத்தால் அது புளிக்காது. அதன் செறிவே நுண்ணுயிரை ஒடுக்கிவிடும். நீர் கலந்து இளக்கினால்தான் நொதிக்கத் தொடங்கும். இந்த நுட்பம் தெரிந்தவர்களிடந்தான் ‘தேக்கள்’ என்று ஒரு சொல் தோன்றியிருக்க முடியும். மூங்கிலோ வெட்டினால் குழாய், நிறுத்தினால் சாடி. மேலைநாட்டார் ஓக் மரப் பீப்பாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம் குறவனின் பீப்பாய்க்கு ஒரு கணு போதுமானதாயிருந்தது.

இவற்றினும் வியப்பு, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடம். அங்கே அரிசிக் கள் ஆக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. அரிசியைக் கூழாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டுப்பிழாவில் இட்டு ஆற வைக்க வேண்டும். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்லடையை அதிலே கலக்க வேண்டும். அடை என்பதற்கு நெல்முளை என்று உரை காண்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயுடைய சாடியில் முற்ற விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். இன்று ‘மால்ட்’ என்று சொல்லிப் பார்லியை முளைகட்டுகிறார்களே, அதே அறிவுதான் இது. முளைவிடும் தானியம் தன் மாவுப்பொருளைத் தானே இனிப்பாக மாற்றிக்கொள்ளும். அந்த இனிப்பே பின்பு மதுவாகும். ஜார்ஜியா நாட்டில் மண்ணில் புதைத்த பெருஞ்சாடியில் திராட்சை மது விளைவிக்கும் மரபை யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்துப் போற்றியது. நம் சாடி பத்துப்பாட்டின் உள்ளேயே இருக்கிறது. பட்டியலில் சேர்க்க எவரும் கேட்டதில்லை.

ஈண்டுச் சொற்களை ஒருமுறை உற்று நோக்குமாறு வேண்டுகிறேன். தேறல் என்பது தேறியது, தெளிந்தது. அரியல் என்பது அரித்தெடுத்தது. பிழி என்பது பிழிந்தது. மகிழ் என்பது உண்டபின் உண்டாவது. அச்சொல்லே கள்ளுக்குப் பெயராகவும் நின்றது. இன்னும் நறவு, தோப்பி, மட்டு, வேரி என்று பல. இவை யாவும் ஒரே பொருளுக்கு அகராதி தொகுத்த பல பெயர்கள் என்று நாம் மாணவர்க்கு எழுதிப் போடுகிறோம். என் கருத்து வேறு. இவற்றுட் சில, தொழிலின் படிகள். தெளியவைத்தவன் ஒரு சொல் வைத்தான், அரித்தவன் ஒரு சொல் வைத்தான், பிழிந்தவள் ஒரு சொல் வைத்தாள். புலவர் அவர்கள் அருகில் நின்று கேட்டு எழுதினார்.

இன்றைய கவிதைகளில் எத்தனை சொல் உண்டு? மது, போதை, கோப்பை. நம் வட்டத்தின் கடந்த ஆண்டுத் தொகுப்பைப் புரட்டினேன். மதுக்கோப்பை பலமுறை வருகிறது, அதனுள் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலும் தெரியவில்லை. கவிஞர்கள் பொறுத்தருள்க. குடிக்காத என் கண்ணுக்கே இது குறையாகப் படுகிறது.

இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்ற பங்குனியில் ஒருநாள், வட்டத்து நண்பர் நால்வரோடு வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் புறப்பட்டேன். எங்களிடம் இருந்த கேள்வி ஒன்றே: தொழிலோடு ஒட்டிய அத்தகைய சொற்கள் நம் மலையடிவாரத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா?

பிளவக்கல்லை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். மேற்கே அடுக்கடுக்காய் எழும் மலை. கிழக்கே வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களும் வயலும் தென்னையும். 2025-இல் கூமாபட்டி என்னும் பக்கத்து ஊர்ப் பெயர் கைப்பேசித் திரைகளில் பரவியபோது, எங்கெங்கோ இருந்து மக்கள் இந்த அணையைத் தேடி வந்தனர். வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஊரைப் பற்றிப் பாட வேண்டிய நாமும் அவ்வளவே பார்த்துவிட்டுத் திரும்புகிறோம் என்பதே என் கவலை.

அணைப் பகுதியிலும், தாணிப்பாறை, செண்பகத்தோப்பு, இராசபாளையத்து அய்யனார் கோயில் ஆகிய மலையடிவாரங்களிலும் பளியர் வாழ்கின்றனர். தேனெடுப்பதில் அவர்தம் திறமை இம்மலை நெடுகிலும் பெயர் பெற்றது. கவியரங்குகளில் இவர்களைப் பற்றிப் பாடும்போது நம்மவர், சங்கக் குறவரின் நேர் வாரிசுகளாக்கி, மூங்கிற் குழாயில் தேறலும் கையில் தொண்டகப் பறையும் கொடுத்துவிடுகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1960-களில் பளியரிடையே தங்கி ஆய்ந்தார். பிறரை மதித்து ஒதுங்குவதும், சண்டை மூளும் இடத்தைவிட்டு அகன்றுவிடுவதும், சினத்தைத் தூண்டும் என்று மதுவை விலக்குவதும் அவர்களின் வாழ்நெறி என்று அவர் எழுதினார். சினம் மிகுந்தவர் நெற்றியில் தடவித் தணித்துக்கொள்ள ஒரு பூவும் அவர்களிடம் உண்டு என்கிறார். அதன் பெயர் சிரிப்பாணிப் பூ. சிரிப்பாணி என்பது நம் தென்பாண்டிப் பேச்சில் சிரிப்பைக் குறிக்கும் சொல்லே அன்றோ?

தேன் உண்டு, மூங்கில் உண்டு, சுனை உண்டு. அவற்றின் நடுவே வாழ்ந்தவர்கள் தேறலை வேண்டாம் என்றனர். இன்றும் எல்லாக் குடியிருப்பிலும் அதுவே நிலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தைக் கண்ணால் பார்க்குமுன் பழம்பாட்டை எடுத்து அவர்கள்மேல் போர்த்துவது, பாட்டுக்கும் நீதியன்று, மக்களுக்கும் நீதியன்று. சிரிப்பாணிப் பூவைப் பற்றி ஒரு கவிதையும் நான் இதுவரை படித்ததில்லை. தேறல் பாடிய கபிலர் இருந்திருந்தால் முதலில் அதனைத்தான் கேட்டு எழுதியிருப்பார்.

அணையிலிருந்து இறங்கி வரும் வழியில், சாலையை விட்டுச் சற்று விலகிய பனங்காட்டில் ஒரு காய்ச்சுக் குடிசைக்குச் சென்றோம். முன்னரே சொல்லியனுப்பியிருந்தோம். அறுபதைக் கடந்த ஒருவரும் அவர் மனைவியாரும் மட்டுமே அங்கே இருந்தனர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். முந்தின நாள் மாலையிலும் அன்று விடியலிலும் பெரியவர் ஏறி இறங்கிய மரங்கள் இருபத்து மூன்று. பாளையை ஒவ்வொரு நாளும் இருவேளை சீவினால்தான் சாறு நிற்காமல் சொட்டும். ஒருநாள் விட்டால் கண் அடைத்துக்கொள்ளும்.

அவர் தம் கருவிகளை எனக்காகப் பாயில் பரப்பிவைத்தார். கால்களைப் பிணைத்துக்கொள்ளும் நார் வளையத்தைத் தூக்கிக் காட்டி, “இது தளை, டீச்சரம்மா” என்றார். உடன் வந்த கவிஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சீரையும் சீரையும் பிணைப்பதைத் தளை என்று யாப்பிலக்கணம் நடத்துகிறோம். அந்தச் சொல்லின் கட்டும் இறுக்கமும் நார் வளையமாக அவர் கையில் இருந்தது. நம்மிடம் தளை தட்டினால் வெண்பா கெடும். அவரிடம் தளை தட்டினால் ஆள் விழுவான். அவ்வாறு விழுந்து இடுப்பொடிந்தவர்கள் இருவரைப் பற்றி அவர் அமைதியாகச் சொன்னார்.

அடுத்து, பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் மர இடுக்கி. அதன் பெயர் கடிப்பு. முரசறையும் குறுந்தடியைச் சங்கப் புலவர்கள் கடிப்பு என்பர். வகுப்பில் அடிக்குறிப்புப் பார்த்துத்தான் அச்சொல்லுக்குப் பொருள் சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்தானா, ஒலியால் ஒத்த வேறு சொற்களா என்பதைச் சொல்லாய்வாளர் தீர்க்கட்டும். பாளை சீவும் அரிவாள், அதனை வைக்கும் பெட்டி, ஏறத் தொடங்கும்போது அடிமரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி, ஆண்பனைக்கு அலகுப் பனை, பெண்பனைக்குப் பருவப் பனை, இளம்பனைக்கு வடலி என்று அவர் சொல்லச் சொல்ல நண்பர் ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். குறிப்பேட்டில் ஆறு பக்கம் நிரம்பிற்று.

அம்மையார் இறக்கிவந்த பதனியைப் பன்னாடையிட்டு வடித்தார். நன்னூல் படித்த எவருக்கும் அங்கே ஒரு சிரிப்பு வரும். மாணாக்கரின் வகைகளைச் சொல்லும் சூத்திரம், கடை மாணாக்கனுக்கு நெய்யரியை உவமை காட்டும். நெய்யரி என்பது பன்னாடை என்று உரைகள் கூறும். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளுமாம். இன்றைக்கு அது வசவுச் சொல் மட்டுமாய் நின்றுவிட்டது. அந்தக் குடிசையிலோ பன்னாடை தன் வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது. எறும்பையும் தும்பையும் சுண்ணாம்புக் கசட்டையும் தான் வைத்துக்கொண்டு, தெளிந்ததைத் தாச்சிக்கு அனுப்பிற்று. வடிப்பவளின் பக்கம் நின்று பார்த்தால் பன்னாடை நல்ல மாணாக்கன். உவமைகளுக்கும் நிற்கும் இடம் என்று ஒன்று உண்டு.

தாச்சியில் கொதி ஏறியது. பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டார்கள். சாறு பழுப்பேறிப் பாகானதும் அம்மையார் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்தார். பின் இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார். பத்து லிட்டர் பதனிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ கருப்பட்டி தேறும் என்றார். தேறும் என்று அவர் சொன்னபோது நான் குறிப்பேட்டை வாங்கி அச்சொல்லை அடிக்கோடிட்டேன். காய்ச்சி, வடித்து, நீர் போய், எஞ்சி நிற்பது தேறுவது. சங்கத் தேறலின் வேர்ச்சொல், மது நீங்கிய ஒரு தொழிலில், கணக்குச் சொல்லும் வினையாக இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தச் சுண்ணாம்புக்கு வருகிறேன். என் பேச்சின் நடு நரம்பு அதுதான்.

பாளையிலிருந்து சொட்டும்போது பனஞ்சாறு தூய இனிப்பு. ஆனால் கலயத்திலும் காற்றிலும் ஈஸ்ட் காத்திருக்கிறது. சொட்டத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் அது புளித்துக் கள்ளாகிவிடும். மேலும் நாள் சென்றால் காடியாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதன் காரம் நுண்ணுயிரை வேலை செய்ய விடாது. சாறு பதநீராகவே இறங்கும். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறு ஒன்று, ஏறும் ஆள் ஒருவர். கலயத்துள் விரலால் பூசும் ஒரு பூச்சே கள்ளையும் பதநீரையும் பிரிக்கிறது.

“அண்ணாச்சி, சுண்ணாம்பு தடவாம விட்டா என்ன ஆகும்?” என்று நான் கேட்டேன்.

“விட்டா போலீசு வரும், டீச்சரம்மா” என்று அவர் சிரித்தார்.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் சென்னை மாகாணம் முழுமையும் மதுவிலக்கின்கீழ் வந்தது. நம் இராசபாளையத்தவரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை ஆட்சித் தலைமையில் இருந்தபோதும், விருதுநகர்க் காமராசர் முதலமைச்சராக இருந்தபோதும் அது நீடித்தது. 1971-இல் தளர்ந்து, 1974-க்குள் மீண்டும் இறுகி, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. ஆனால் ஆலைகளில் வடிக்கும் மதுவுக்குத் தடையில்லை. 1983-இல் தோன்றிய அரசு வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்திவருகிறது. 2023-24-ஆம் ஆண்டில் அதனால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நான் கள்ளுக்கு வழக்காட வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதன் பொருள், தந்தையின் குடியால் தேர்வுக் கட்டணம் செலுத்த முடியாமல் என் முன் வந்து நிற்கும் மாணவியரின் முகத்தில் எனக்கு ஆண்டுதோறும் புரிகிறது. கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலத்திலும் அத்தகைய வீடுகள் இருந்தன. ஆனால் தடையின் விளைவு ஒன்றைத் தமிழாசிரியர் என்ற முறையில் நான் கூற வேண்டும். ஆலையில் வடிக்கும் மதுவுக்குத் தமிழில் தொழிற்சொல் ஒன்றுகூட இல்லை. அது புட்டியில் வருகிறது, அதன் பெயர் புட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. மரத்தோடு இருந்த தொழிலோ, கள் போனபின் பதநீரை மட்டும் நம்பி நலிந்தது. ஏறுவோர் குறைந்தனர்; மரம் செங்கல் சூளைக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் சுமார் 5 கோடிப் பனைகள் உண்டென்பர். மாநில மரமாகிய பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவிப்பு வந்தது. 76 லட்சம் விதைகள் நடும் திட்டமும் அவ்வாண்டே வந்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தைக் காக்க ஆணை உண்டு, பொருளைக் காக்கக் குறியீடு உண்டு. ஏறும் ஆளின் நாவில் இருக்கும் சொற்களைக் காக்க எந்த அலுவலகமும் இல்லை. அது நம் வேலை.

திரும்பும் வழியில் திருவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினோம். வாங்காமல் வந்தால் வீட்டில் விடமாட்டார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கருப்பட்டித் தாச்சியைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் பால்கோவா வாணலியைப் பார்த்தால் இரண்டும் உறவென்று தெரியும். பாலும் பனஞ்சாறும் நில்லாப் பொருள்கள். ஒரு பகலுக்குள் திரிந்துவிடும். நீரை வற்றக் காய்ச்சிப் பாதுகாப்பதே இரண்டின் சூழ்ச்சியும். காத்திருந்து தெளியவிடுவது தேறலின் வழி. காத்திராமல் காய்ச்சிவிடுவது இந்த அடிவாரத்தின் வழி.

மலைக்கு அப்பால் என்ன என்று நண்பர் ஒருவர் வண்டியில் கேட்டார். வருசநாடு, அதற்கும் அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பன்னீர்த் திராட்சை பந்தல் பந்தலாக விளைகிறது. அதற்கும் 2023-இல் குறியீடு கிடைத்திருக்கிறது. திராட்சை மது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட உண்டு மகிழுமாறு வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட இருபிடிச் சாடிகளின் உடைசல், அந்த வாழ்த்து வெறுங் கற்பனையன்று என்று காட்டிற்று. ஆனால் யவனச் சரக்குக்கு நக்கீரர் புதுச்சொல் தேடவில்லை. தேறல் என்றே சொன்னார். பின்னாளில் விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ‘திராட்சரசம்’ என்று ஒரு சொல் கோத்துக்கொள்ள நேர்ந்தது. நக்கீரருக்கும் அவர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்கோ ஓரிடத்தில் தேறல் என்னும் சொல் பேச்சிலிருந்து உதிர்ந்து ஏட்டில் மட்டும் தங்கிவிட்டது. எப்போது, எவ்வாறு என்பது நம் இளைஞர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப் பொருளாகும். முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்பில்லை என்று வருந்துவோர் என்னை வந்து காண்க.

வட்டத்தின் முன் என் விண்ணப்பம் ஒன்றை வைக்கிறேன். அந்தக் குறிப்பேட்டில் ஆறு பக்கமே நிரம்பியிருக்கிறது. சொற்கள் அறுபதுக்கு மேல் இருக்கும். அவற்றுள் இருபதுக்கேனும் தமிழ்ப் பேரகராதியில் நாங்கள் கேட்ட பொருள் இல்லை. பெரியவர் தம் முழங்கால் இனிமேல் இரண்டு பருவம் தாங்கும் என்கிறார். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் பங்குனியில் அந்தப் பனங்காட்டில் வைத்துக்கொள்வோம். கவிதை வாசிக்க வேண்டாம். ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்து வருக. ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைப்பேசி எல்லாரிடமும் உண்டு. அம்மையாரிடம் பேசப் பெண்கள் இருவரேனும் வர வேண்டும். காய்ச்சும் பக்கத்துச் சொற்கள் யாவும் அவரிடமே இருக்கின்றன, ஆண்கள் கேட்டால் அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

காலை ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் வருகிறவர்களுக்குக் கருப்பட்டி மட்டுமே கிடைக்கும். கலயம் இறங்குவதைக் காண முடியாது. வத்திராயிருப்பு வரை முதல் பேருந்து உண்டு. அங்கிருந்து வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.